எச்சம், தண்டனை, சிலை: தமிழ்ப் பிரதிகளில் ஊனமுற்ற உடல்

‘ரத்தக்கண்ணீர்’ வசனத்தை நம் தோழர்களில் பலபேர் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். 1954இல் வந்த படம். திருவாரூர் கே. தங்கராசுவின் நாடகம், கிருஷ்ணன் - பஞ்சு இயக்கம், எம்.ஆர். ராதாவின் குரல். சாமியையும் சாஸ்திரத்தையும் பெரிய மனுசத்தனத்தையும் அந்தக் கரகரத்த குரல் நையாண்டி செய்யும்போது இன்றைக்கும் சிரிப்பு அடங்குவதில்லை. நானும் சிரிப்பேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தது யார் என்கிற கேள்வி பகுத்தறிவு மேடையில் கேட்கப்பட்டதில்லை. நம் மேடையிலும் கேட்கப்பட்டதில்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளிநாடு போய்வந்த பணக்காரன் மோகனசுந்தரம் கட்டியவளை விட்டுத் தாசி காந்தாவிடம் போகிறான். சொத்து போகிறது, தொழுநோய் வருகிறது. தெருவில் விழுந்து பிச்சையெடுக்கிறான். கடைசியில் அவனுக்கு ஒரு சிலை வைக்கிறார்கள். மாலை போடுவதற்கு வைத்த சிலை அல்ல. இவன் மாதிரி வாழாதே என்று ஊருக்குப் பாடம் சொல்ல வைத்த சிலை. நோயால் சிதைந்த உடல் கல்லாகி நின்று ஒழுக்கம் போதிக்கிறது.

இந்தப் பிரதியைக் கட்டுடைத்துப் பார்த்தால் கிடைப்பது இது: கடவுள் இல்லை, ஆனால் கடவுள் கொடுத்த தண்டனை மட்டும் இருக்கிறது. வைதிகம் முன்வினை என்று சொன்னதை இந்த நாடகம் நடத்தை என்று மாற்றிச் சொல்கிறது. கணக்கு எழுதுகிற கை மாறியிருக்கிறதே தவிர, பேரேடு அதேதான். நோயாளியின் உடம்பைப் பார்த்ததும் ‘என்ன பாவம் பண்ணினானோ’ என்று கேட்கிற பழக்கத்தை, சாமியை உடைத்த கைகளே பத்திரமாகக் காப்பாற்றி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருக்கின்றன.

அதே காலத்தில் வேலூரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்கவேண்டும். கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்துசேர்ந்த பால் பிராண்ட் என்கிற அறுவைச் சிகிச்சை மருத்துவர், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக்கொண்டிருந்தார். விரல் தேய்வதற்குக் காரணம் சதை அழுகுவதல்ல, உணர்ச்சி மரத்த கை சூட்டிலும் முள்ளிலும் மறுபடி மறுபடி காயம்படுவதுதான் என்று அங்கேதான் நிறுவிக்காட்டினார். 1955இல் பக்கத்துக் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் வந்தது. சல்போன் மருந்துகள் 1940களிலேயே வந்துவிட்டன. அதாவது படம் ஓடின கொட்டகையிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அந்த நோய் மருத்துவமாகிவிட்டது. திரையில் மட்டும் அது பாவத்தின் கூலியாகவே இருந்தது. இந்த நோய் தாசி வீட்டில் ஒட்டிக்கொள்வதுமில்லை. வைத்தியம் பார்க்காத நோயாளியோடு நீண்டநாள் நெருங்கி இருப்பவர்களுக்கு மூச்சு வழியாகப் பரவுவது, அதிலும் பெரும்பாலானவர்களுக்கு உடம்பிலேயே எதிர்ப்பு உண்டு. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைச் சொன்ன பிறகு ஆறு மாதமோ ஒரு வருசமோ மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்தது.

தீர்ந்ததா? எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். என் சின்ன வயதில், 90களின் கடைசியில். மாத்திரை முடித்து, நோய் இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர். போன விரல்கள் திரும்பி வருமா? மரத்துப்போன பாதத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கருப்பு எம்.சி.ஆர். செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பார். அந்தச் செருப்பைப் பார்த்தே ஊர் அவரை அடையாளம் கண்டுகொண்டது. பையன்கள் அவர் பின்னால் எம்.ஆர். ராதா குரலில் பேசிக்கொண்டு போவார்கள். ஊர்த்தெரு டீக்கடையில் நமக்கெல்லாம் தனி கிளாஸ் என்பது தெரிந்த கதை. சேரிக்குள் நம் ஆள் வைத்திருந்த டீக்கடையில் அந்தத் தாத்தாவுக்கு மட்டும் கொட்டாங்குச்சி. “ஏன்ணே இப்பிடி?” என்று என் அம்மா ஒருநாள் கேட்டதற்கு, “நாலு பேரு வந்து போற எடம் தாயி” என்று பதில் வந்தது. இதே வாக்கியத்தை ஊர்த்தெருக்காரன் நம்மைப் பார்த்துச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இரட்டைக் குவளை பற்றி நாம் எழுதியிருக்கிற பக்கங்களில் அந்தக் கொட்டாங்குச்சி ஏன் இடம்பெறவில்லை?

சட்டமும் லேசில் நகரவில்லை. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் நீக்கப்பட்டது 2016இல். துணைக்குத் தொழுநோய் என்றால் மணவிலக்குக் கேட்கலாம் என்கிற விதி திருமணச் சட்டங்களிலிருந்து போனது 2019இல். மோகனசுந்தரத்தின் சிலை அதுவரைக்கும் நாடாளுமன்றத்தில் நின்றுகொண்டிருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

சினிமாவை மட்டும் திட்டிவிட்டு இலக்கியத்தைத் தப்பிக்க விடுவது தமிழ் எம்.ஏ. படித்தவர்களின் வழக்கம். நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவள் என்பதால் அங்கேயே போகிறேன். புறநானூற்றில் 28ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்னது. கண் தெரியாதவர், உறுப்பில்லாத பிண்டம், கூனர், குள்ளர், ஊமை, செவிடு என்று எட்டு வகைப் பிறவிகளை அடுக்கி, அவற்றை ‘எச்சம்’ என்கிறது பாட்டு. அப்படிப் பிறந்தவர்களுக்குப் பேதைமையைத் தவிர ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்கிறது. பிறகு சோழனைப் பார்த்து, நீ குறையில்லாமல் பிறந்தவன், அறம் பொருள் இன்பம் மூன்றையும் அடைவாய் என்று போகிறது. வகுப்பில் எங்களுக்கு இது நிலையாமை, கொடை, அறிவுரை என்று சொல்லிக்கொடுக்கப்பட்டது. எட்டுப் பேரை மிச்சம்மீதி என்று தள்ளி வைத்தால்தான் அரசனின் முழு உடம்பு துலங்குகிறது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. தீட்டான உடம்பு ஒன்று இருந்தால்தான் தூய உடம்பு ஒன்று இருக்கமுடியும் என்று நாம் சாதி பற்றிச் சொல்வதும் இதுதானே.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். சிலப்பதிகாரத்தில் வேறு ஒரு சத்தம் கேட்கிறது. புகார் நகரத்தின் ஐந்து மன்றங்களில் ஒன்று ஒரு குளம்: கூனரும் குள்ளரும் ஊமைகளும் செவிடர்களும் உடம்பு அழுகினவர்களும் இறங்கிக் குளித்து நல்ல உருவத்தோடு கரையேறுகிற பொய்கை. பொதுக்குளத்தில் இவர்கள் இறங்கலாம் என்று ஒரு காவியம் கற்பனையாவது பண்ணியிருக்கிறது. ஆனால் ஏறும்போது பழைய உடம்போடு ஏறக்கூடாது. குணமானால்தான் குடிமகன். உடம்பு மாறினால்தான் ஊர் சேர்த்துக்கொள்ளும் என்பது, மதம் மாறினால் சரியாகிவிடும், படித்து முன்னேறினால் சரியாகிவிடும் என்று நமக்குச் சொல்லப்படுகிற புத்திமதியின் பங்காளிதான். மாறவேண்டியது எப்போதும் நாம்.

மணிமேகலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆபுத்திரன் கதையை அயோத்திதாசர் வழியில் பௌத்தம் பேசுகிற நாம் அடிக்கடி சொல்கிறோம். வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துவிட்டதற்காகப் பார்ப்பனர்கள் அடித்து விரட்டினவன், பிறப்பைச் சொல்லிப் புலையன் ஆக்கப்பட்டவன், தட்சிண மதுரைக்கு வந்து பிச்சை எடுக்கிறான். எடுத்த சோற்றோடு என்ன செய்கிறான்? கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், கால் முடங்கினவர்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள், நோயில் நடுங்குகிறவர்கள் எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டு உட்காரவைத்துப் போடுகிறான். அவர்கள் சாப்பிட்டு மீந்ததைத்தான் அவன் சாப்பிடுகிறான். மீந்ததை!

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். சாதிச் சமூகம் என்பதே எச்சில் மேலிருந்து கீழே இறங்குகிற ஒழுங்கு. பந்தி முடிந்த இலை யாருக்கு, பழைய சோறு யாருக்கு, உடுத்திக் கிழிந்த சேலை யாருக்கு என்பதில் நமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. சாத்தனார் என்ற பெயரில் ஒருவர் ‘எச்சம்’ என்று தள்ளின மனிதர்களுடைய மிச்சத்தை, சாத்தனார் என்ற பெயரில் இன்னொருவர் எழுதின காவியத்தில் நாயகன் ஒருவன் தன் சாப்பாடாக்கிக்கொள்கிறான். தமிழில் எச்சிலின் திசை திரும்புகிற இடம் இது. நம் ஆய்வேடுகள் ஆபுத்திரனைப் பசிப்பிணி மருத்துவன் என்று பாராட்டிவிட்டு அவன் யாரை முதலில் கூப்பிட்டான் என்பதைத் தாண்டிப் போய்விடுகின்றன. அதேசமயம், அந்தக் காவியத்திலும் சாப்பிட வந்தவர்கள் ஒருவரும் வாய் திறந்து பேசுவதில்லை. அவர்கள் வரிசை, பெயர் இல்லை. கை நிறைய வாங்கிக்கொண்டு கதையை விட்டுப் போய்விடுகிறார்கள். முன்வினைக் கணக்கும் அந்தக் காவியத்தில் தாராளமாகவே இருக்கிறது.

பேச்சு பெயரில் வந்து நிற்கிறது. நான் இந்தக் கட்டுரையில் ‘ஊனமுற்ற’ என்றே எழுதி வருவதைப் பார்த்துச் சிலருக்கு முகம் சுளித்திருக்கும். ‘மாற்றுத்திறனாளி’ என்று எழுதவேண்டாமா? கலைஞர் ஆட்சிக்காலத்தில் (2006–2011) அரசு வழக்குக்கு வந்த சொல் அது. நல்லெண்ணத்தில் வந்ததுதான், சங்கங்கள் அந்தப் பெயரிலேயே கூடி மறியல் செய்து உரிமை வாங்கியிருக்கிறார்கள், அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் இலக்கணம் படித்த புத்தி கேட்கவில்லை. ‘தாழ்ந்தவர்’ என்பதற்கும் ‘தாழ்த்தப்பட்டவர்’ என்பதற்கும் இடையில் ஒரு போராட்டமே இருக்கிறது. முன்னது தன்வினை, ஆள் தானாகத் தாழ்ந்து கிடக்கிறான். பின்னது பிறவினையும் செயப்பாட்டும் சேர்ந்தது, தாழ்த்தினவன் ஒருத்தன் எங்கேயோ இருக்கிறான் என்று காட்டிக்கொடுக்கிறது. தலித் என்ற சொல்லும் உடைக்கப்பட்டவர்கள் என்றுதானே சொல்கிறது? ‘ஊனமுற்றோர்’ என்பதில் செய்தவன் இல்லை. ‘மாற்றுத்திறனாளி’ என்பதிலும் இல்லை. அங்கே இனிப்பு மட்டும் தடவியிருக்கிறது. 2015 டிசம்பரில் பிரதமர் மோடி வானொலியில் ‘திவ்யாங்’ என்று, தெய்வீக உறுப்பு என்கிற பொருளில், பெயர் வைத்தபோது இந்த இனிப்பு முழுசாகத் திகட்டியது. நம்மை ஹரிஜன் என்று கூப்பிட்டவர்களின் அதே குரல். கடவுளின் பிள்ளை என்று சொல்லிவிட்டுக் கடவுள் வீட்டு வாசலிலேயே நிறுத்தின குரல்.

என் இடது காலில் ஒரு வயதில் போலியோ வந்தது. காலை முடக்கினது கிருமி. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்து மாடியில் ஒன்பதாம் வகுப்பை வைத்து என்னை முடக்கினது கிருமியா? அந்த அர்த்தத்தில் ‘முடக்கப்பட்டோர்’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

பெயர் பற்றிப் பேசினால் சப்பாணியை விடமுடியாது. பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977). கால் இழுத்து நடக்கிற கோபாலகிருஷ்ணனை ஊரே சப்பாணி என்கிறது. இனிமேல் யாராவது அப்படிக் கூப்பிட்டால் அறைந்துவிடு என்று மயிலு சொல்லிக்கொடுக்கிறாள். அவன் பரட்டையை அறைகிறான். சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவனை முதல்முறையாகத் திருப்பிக் கேட்ட எந்தச் சேரிப் பையனுக்கும் அந்த அறையின் சத்தம் புரியும். தமிழ் சினிமா ஊனமுற்ற ஒருவனுக்குக் கொடுத்த அரிய கணம் அது, இரக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை. என்ன செய்வது, அவன் காலுக்கு என்ன ஆயிற்று என்று அந்த ஊரில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கதைக்குள் டவுனிலிருந்து வருகிற டாக்டரும் மாட்டு டாக்டர்தான்.

இதற்கு நேர் எதிர்முனையில் பாலாவின் ‘நான் கடவுள்’ (2009). ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ (2003) நாவலிலிருந்து எடுத்த பகுதிகள் கொண்டது. ஊனமுற்றவர்களை வாங்கி விற்றுப் பிச்சைக்கு உட்காரவைக்கிற தொழில். அந்தத் தொழிலில் ஆளுக்குப் பெயர் ‘உருப்படி’. நாவலாசிரியரோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு, இருந்தாலும் அந்த நாவலின் உருப்படிகள் பேசுகிறார்கள், கிண்டல் பண்ணுகிறார்கள், ஒருவருக்கொருவர் சோறு ஊட்டுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள். மணிமேகலையின் வரிசை அங்கே வாய் திறக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். படத்திலும் அந்தப் பேச்சு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. முடிவைப் பாருங்கள். கண் தெரியாத பாடகி அம்சவல்லி அடித்துச் சிதைக்கப்படுகிறாள். இந்த வாழ்க்கையிலிருந்து விடுதலை கொடு என்று கேட்கிறாள். காசியிலிருந்து வந்த அகோரி அவளைக் கொன்று முக்தி கொடுக்கிறான். பாலாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது.

அந்தக் காட்சியில் எனக்குத் தோன்றின கேள்வி ரொம்பச் சாதாரணமானது: அவளை ஒரு ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமே? அந்த மலைக்கோயிலைச் சுற்றி ஒரு கம்பவுண்டர்கூடவா இல்லை? காயத்துக்குக் கட்டுப்போடுவது என்கிற யோசனையே எழாத ஒரு கலைமனம், கொலையை மட்டும் கருணை என்று யோசிக்கிறது. தண்டனைச் சிலையிலிருந்து முக்திக் கொலை வரைக்கும் 55 வருசம் ஆகியிருக்கிறது. முதலாவது நாத்திகப் படம், இரண்டாவது காசிப் படம். ஊனமுற்ற உடம்பை என்ன செய்யலாம் என்பதில் இரண்டுக்கும் பெரிய சண்டை இல்லை. இது உயிரோடு விடுவதற்கு உரிய உடம்பு அல்ல, பாடத்துக்கோ பரிதாபத்துக்கோ உரிய உடம்பு.

இது கலை, அதற்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு என் வாக்குமூலம். 2019இல் மாசமாக இருந்தேன். அரசு ஆஸ்பத்திரி ஒன்று. புறநோயாளிப் பிரிவுக்கு ஏழு படி. பக்கத்தில் சாய்தளம் உண்டு, அதில் மூன்று மோட்டார்பைக் நின்றன. பைக் இல்லாவிட்டாலும் அதில் ஏறமுடியாது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது விதி, அது வழுக்குமரம் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. ஊனமுற்றோருக்கான கழிப்பறை என்று சக்கர நாற்காலிப் படம் போட்ட அறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு, உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும் இருக்கிறது என்று பதில். சோதனைக்குக் கூப்பிட்டார்கள். மேசை என் நெஞ்சு உயரம். “ஏறிப் படும்மா” என்றார் நர்ஸ். காலிப்பரைக் கழற்றினால் நிற்கமுடியாது, கழற்றாமல் படுக்கமுடியாது. என் மாமியாரும் ஒரு ஆயாம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். தூக்கும்போது அந்த நர்ஸ் கேட்டது இது: “ஒன்னாலயே நடக்க முடியல. ஒனக்கெதுக்கும்மா இந்த வேல?” அடுத்த கேள்வி: “எந்த ஏரியா?” நான் தெருப் பெயரைச் சொன்னேன். “அதானே” என்றார்.

அந்த ‘அதானே’யை நான் ஐந்தாறு வருசமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எம்.ஏ.யில் படித்த எந்தச் சூத்திரமும் இவ்வளவு செறிவானதில்லை. புறநானூற்றின் எச்சம், ரத்தக்கண்ணீரின் கூலி, சேரியில் கணக்கில்லாமல் பெற்றுத்தள்ளுவார்கள் என்கிற ஊர்ப்பேச்சு, எல்லாம் மூன்று எழுத்தும் ஒரு ஏகாரமுமாக அடங்கிவிட்டது. அந்த நர்ஸ் கெட்டவர் இல்லை. பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். அவர் படம் பார்த்தவர், பாடம் படித்தவர், அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு பிளாஸ்டிக் கவரில் இரண்டு சான்றிதழ்கள் உண்டு. ஒன்று சாதிச் சான்றிதழ், இன்னொன்று ஊனத்துக்கானது. சாதிக்கு அப்பாவின் சான்றிதழைக் காட்டினால் போதும், உடம்பைக் காட்டச் சொல்வதில்லை, ஊரே ஏற்கனவே பார்த்து வைத்திருக்கிறது. ஊனத்துக்கு மெடிக்கல் போர்டு முன்னால் நடந்து காட்டவேண்டும். “இன்னொருக்கா நட.” நாற்பது சதவீதம் வந்தால்தான் இட ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்வோம் என்பதால், நன்றாக நடந்துவிடக் கூடாதே என்கிற பயத்தில் நடப்போம். வாழ்நாளெல்லாம் விந்தாமல் நடக்கப் பழகினவளை அரசாங்கம் விந்தி நடக்கச் சொல்கிறது. படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னதை உடம்புக்குள்ளேயே சதவீதமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் ஊனமுற்றோர் 2.68 கோடிப் பேர், மக்கள் தொகையில் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரை மட்டும் எடுத்தால் அது 2.45. இந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் என்ன இருக்கிறது என்று நம் எழுத்தாளர்கள் யாராவது ஒரு நாவல் எழுதலாம். கல்குவாரியில் போன கண்ணும், மலக்குழியில் போன நுரையீரலும், சினையாயிருந்தபோது சாப்பிடக் கிடைக்காத சோறும், தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியும் அதற்குள் இருக்கின்றன. நோய் எல்லோருக்கும் பொது என்பது பாதி உண்மைதான்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. 1995இல் ஒரு சட்டம், 2016இல் இன்னொரு சட்டம். 2016 சட்டத்தின் 25ஆம் பிரிவு அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் எல்லாப் பகுதியும் தடையில்லாமல் இருக்கவேண்டும், வைத்தியத்தில் முன்னுரிமை தரவேண்டும் என்கிறது. பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து ஐந்து வருசம் கெடு. அந்தக் கெடு 2022இலேயே முடிந்துபோனது. 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்சநீதிமன்றம், இந்த விதிகளை வெறும் சிபாரிசு மாதிரி எழுதி வைத்திருப்பது சட்டத்துக்கே விரோதம், கட்டாயமாக்கு என்று சொல்லவேண்டி வந்தது.

இதைப் படித்ததும் நமக்கு ஒன்று ஞாபகம் வரவேண்டும். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாம் எல்லோருக்கும் திறந்தது என்று அது நிறைவேறியது, அரசாணையும் வந்தது. அதே வருசம் மகாடு நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் குளத்தில் இறங்கவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்த பிறகுதான் அடிதடியும் வழக்கும் வந்தன. காகிதத்தில் திறந்த குளத்துக்கும் காகிதத்தில் மட்டும் இருக்கிற சாய்தளத்துக்கும் என்ன வித்தியாசம்? ஏழு படியை யாரோ ஒரு இன்ஜினியர் வரைந்து, யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டு, யாரோ ஒரு காண்ட்ராக்டர் கட்டியிருக்கிறார். அது மழை மாதிரித் தானாகப் பெய்யவில்லை.

2021இல் தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, இயன்முறை சிகிச்சை கொடுக்கிறவரும் வருகிறார். படுத்த படுக்கையாக இருக்கிற எங்கள் பெரியம்மாவுக்கு அது பெரிய உதவி. நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் சில அதிகாரிகள், “அதான் வீட்டுக்கே வர்றாங்களே, அப்புறம் என்ன?” என்று கேட்கும்போது எனக்குச் சேரிக்கென்று வெட்டிக் கொடுத்த தனிக் கிணறு ஞாபகம் வருகிறது. தனிக் கிணற்றிலும் தண்ணீர் இருந்தது. 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் ஊனமுற்றோரை நியமன உறுப்பினராக்கச் சட்டமன்றத்தில் மசோதா வந்ததையும் வரவேற்கிறேன். நாற்காலி கிடைத்தவர்கள் அதில் உட்கார விடப்பட்டார்களா என்பதை மேலவளவு முருகேசன் வெட்டப்பட்ட 1997இலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற நாம், பஞ்சாயத்து அலுவலக வாசற்படியை எண்ணிப் பார்க்காமல் கைதட்டிவிடக்கூடாது.

கடைசியாக நம் வீட்டுக்குள். தலித் கவிதைகளை எடுத்துப் பாருங்கள். குருட்டுச் சமூகம், செவிட்டு அரசு, நொண்டிச் சட்டம், முடமான நீதி. ஒடுக்குகிறவனைத் திட்டுவதற்கு ஒடுக்கப்பட்ட இன்னொருத்தனின் உடம்பைக் கடன் வாங்குகிறோம். நம் சாதிப் பெயர்களை வசவாக வைத்திருக்கிற அதே பழமொழித் தொகுப்புகளில், அடுத்த பக்கத்திலேயே குருடனும் செவிடனும் முடவனும் இருக்கிறார்கள். ஒரு பக்கத்தைக் கிழித்தெறியச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தை மேற்கோள் காட்டுவது எப்படிச் சரி? “உவமைதானே தோழர், அதுக்குப் போயி” என்கிறார்கள். நம்மைப் பற்றின வசவுகளையும் வெறும் பேச்சு வழக்கு என்றுதான் சொன்னார்கள்.

அம்பேத்கர் 1920இல் தொடங்கின பத்திரிகையின் பெயர் ‘மூக்நாயக்’, ஊமைகளின் தலைவன். அதையும் இந்தக் கணக்கில் சேர்ப்பாயா என்று ஒரு மாணவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. சேர்க்கமாட்டேன், ஆனால் விட்டுவிடவும் மாட்டேன். அங்கே ஊமை என்பது வசவு இல்லை, நாங்கள் என்கிற அர்த்தம். பேசினாலும் கேட்க ஆளில்லாததால் ஊமையாக்கப்பட்டவர்கள். நான் மேலே சொன்ன ‘முடக்கப்பட்டோர்’ என்கிற இலக்கணத்துக்கு அந்தப் பெயர் ரொம்பப் பக்கத்தில் வருகிறது. ஆனால் காது கேளாத, கையால் பேசுகிற ஒரு தலித் பெண் அந்தப் பெயரைப் படித்தால் என்ன நினைப்பாள்? அவளுக்கு மொழி இருக்கிறது. விரல்கள் முழுக்க மொழி. ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பரைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டுவிட்டு, அவள் வரவில்லை என்று அடுத்த ஆளை உள்ளே விடுகிறபோது, ஊமை யார், செவிடு யார்? நெஞ்சு வலியைக் கையால் சொல்கிறவளுக்கு அந்தக் கைமொழி தெரிந்த ஒருவரை அங்கே உட்காரவைப்பது அவ்வளவு பெரிய செலவா? அவள் எழுதினால் ‘மூக்நாயக்’ பற்றி நான் எழுதினதைவிடச் சரியாக எழுதுவாள். அவளிடம் கேட்டு வாங்கி இந்த இதழ் போடவேண்டும். எழுத வராவிட்டால் கையால் சொல்லச்சொல்லி, தெரிந்தவர் பக்கத்திலிருந்து எழுதிக்கொள்ளலாம். படிக்கத் தெரியாத நம் பாட்டிகளின் வாக்குமூலங்களை அப்படித்தானே வாங்கினோம்?

இந்தக் கட்டுரையின் முதல் பாதியை வாசகர் கூட்டத்தில் படிக்கச் சொல்லி ஆசிரியர் குழுத் தோழர்கள் கேட்டார்கள். கூட்டம் நடக்கிற இடம் மாடியில். இருபத்திரண்டு படி, கைப்பிடி இல்லை. தோழர்கள் தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள், அன்பாகத்தான் சொன்னார்கள். கீழே சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் காலியாக இருக்கிறது. அடுத்த கூட்டத்தை அங்கே போட்டால், மீதியைப் படித்துவிட்டு ‘ஏழாம் உலகம்’ பற்றிச் சண்டை போட நான் தயார்.